நீதிபதி, நடுவர், நீதவான், முன்சீப்: தீர்ப்புச் சொல்பவரின் பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் தீர்ப்புச் சொல்பவருக்கு ஒரே பெயர் கிடையாது. செய்தித்தாள் ‘நீதிபதி’ என்று எழுதும் ஒருவரை அவருடைய நீதிமன்றப் பலகை ‘நடுவர்’ என்கிறது. யாழ்ப்பாணத்தில் அதே பொறுப்பில் இருப்பவர் ‘நீதவான்’. ஊரில் பெரியவர்கள் இன்னும் ‘முன்சீப் கோர்ட்’ என்றுதான் சொல்கிறார்கள். இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன, எதை எங்கே போடவேண்டும் என்று மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் வழக்காடிகளும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

நீதிபதி என்ற சொல்லின் நேர்ப்பொருள் என்ன?

நீதி + பதி. இரண்டும் வடமொழிச் சொற்கள். ‘நீ’ என்ற வினைவேருக்கு அழைத்துச் செல்லுதல், வழிநடத்துதல் என்று பொருள். அதனோடு ‘தி’ என்ற விகுதி சேர்ந்து நீதி ஆயிற்று. கதி, மதி ஆகிய சொற்களில் இருப்பதும் இதே விகுதிதான். எனவே நீதி என்றால் முதலில் ‘நடத்திச் செல்லும் முறை’. வடமொழியில் அது பெரும்பாலும் ஒழுகுமுறையையும் அரசியல் சூழ்ச்சியையும் குறித்தது. ராஜநீதி, தண்டநீதி என்பவை அரசாளும் கலையின் பெயர்கள்.

பதி என்றால் தலைவன், உடையவன். தளபதி, அதிபதி, ஜனாதிபதி எல்லாவற்றிலும் இருப்பவர் இவரே. ஆக, நீதிபதி ‘நீதிக்குத் தலைவர்’. தீர்ப்பு, விசாரணை, வழக்கு எதுவும் இந்தச் சொல்லுக்குள் இல்லை. தலைமை மட்டுமே இருக்கிறது.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. வடமொழிப் பெயர்களை நிறைய எடுத்துக்கொண்ட இந்தி இந்தப் பதவிக்கு ‘நியாயாதீஷ்’ என்கிறது, தெலுங்கு ‘நியாயமூர்த்தி’ என்கிறது, கன்னடம் ‘நியாயாதீஶ’ என்கிறது. மூன்றிலும் அடிச்சொல் நியாயம். வடமொழியில் நீதிக்கும் நியாயத்துக்கும் வேறுபாடு உண்டு: நீதி நடத்தைக்கு உரியது, நியாயம் வழக்குக்கும் தர்க்கத்துக்கும் உரியது. தமிழ் மட்டும் நீதியை எடுத்து வழக்குமன்றத்தில் அமர்த்தியது. அதனால் தமிழில் ‘நீதிநூல்’ என்றால் ஒழுக்கம் சொல்லும் பாடல், ‘நீதிமன்றம்’ என்றால் வழக்கு நடக்கும் இடம் என ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது.

நீதிபதி வருவதற்கு முன் தமிழில் என்ன சொன்னார்கள்?

சங்க இலக்கியத்தில் இதற்கு வழங்கும் சொற்கள் அறமும் முறையும். மதுரைக்காஞ்சி மதுரை நகரைக் காட்டும்போது ‘அறங்கூறு அவையம்’ ஒன்றைச் சொல்கிறது. அங்கே இருப்பவர்கள் அச்சம், அவலம், ஆர்வம் மூன்றையும் நீக்கியவர்கள்; சினத்துக்கோ மகிழ்ச்சிக்கோ இடங்கொடாதவர்கள்; ‘ஞெமன்கோல் அன்ன செம்மை’ உடையவர்கள். ஞெமன்கோல் என்பது துலாக்கோல். பயமும் ஆசையும் தீர்ப்பைக் கெடுக்கும் என்று இரண்டையும் சேர்த்துப் பட்டியலிட்டிருப்பது சிறப்பு. வேண்டியவருக்குச் சாய்வது மட்டுமே ஓரவஞ்சனை என்று நாம் நினைக்கிறோம். பாடலோ பயந்து தீர்ப்புச் சொல்வதையும் அதே கணக்கில் வைக்கிறது.

புறநானூற்றின் 39ஆம் பாடல் சோழரின் உறந்தை (உறையூர்) அவையத்தில் அறம் நிலைபெற்றிருந்ததைச் சொல்கிறது. குறளில் தீர்ப்பளித்தலுக்கு ‘முறை செய்தல்’ என்று பெயர்: ஆராய்ந்து, முகதாட்சணியம் பாராமல், யாரிடத்தும் தேர்ந்து செய்வதே முறை என்கிறது 541ஆம் குறள். இன்று ‘முறையீடு’, ‘மேல்முறையீடு’ என்று எழுதும்போது அந்த முறை என்ற சொல்லைத்தான் புழங்குகிறோம்.

அறங்கூறு அவையம் என்பதில் வினைச்சொல் ‘கூறு’. தீர்ப்பளிப்பவர் அறத்தை உண்டாக்குவதில்லை. இருப்பதை எடுத்துச் சொல்கிறார். இதே கருத்து லத்தீனிலும் உண்டு. அதைக் கீழே ‘ஜட்ஜ்’ பற்றிய கேள்வியில் பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் தனியாக ஒரு நீதிபதி பதவி இருந்ததா?

பழைய சான்றுகளில் தனி ஆளைவிட அவையே அதிகம் தெரிகிறது. சோழர் கல்வெட்டுகளில் ‘தர்மாசனம்’ என்ற நீதியவை வருகிறது. அறக்கட்டளையைக் கெடுத்தவர் தர்மாசனத்தில் தண்டம் கட்டவேண்டும் என்ற வகையில் அது குறிக்கப்படுகிறது. அங்கே சாத்திரம் சொல்ல இருந்தவர்கள் தர்மாசன பட்டர்கள்.

திருநெல்வேலிப் பகுதியின் மானூர்க் கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டையொட்டிய பாண்டியர் காலத்தது. ஊர்ச்சபையில் யார் ‘மன்றாட’லாம் என்று அது தகுதி வரையறுக்கிறது. அங்கே மன்றாடுதல் என்றால் மன்றத்தில் அமர்ந்து பேசி முடிவெடுத்தல். இன்றைக்கு மன்றாடுதல் என்றால் கெஞ்சுதல். முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவரைச் சொன்ன சொல், முடிவுக்காகக் காத்து நிற்பவரைச் சொல்வதாகத் திரும்பிவிட்டது. நீதிமன்றம் என்பதில் உள்ள மன்றமும் இதே மன்றம்தான்: ஊர் கூடும் பொதுவிடம்.

மன்னனே முறை செய்பவன் என்ற மரபும் கூடவே இருந்தது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை வைத்திருப்பது அந்த மரபின் நினைவாக.

‘நடுவர்’ எப்படி வந்தது?

நடு + அர். தனிக்குறிலை அடுத்து வரும் உகரம் முற்றியலுகரம் என்பதால் அது கெடாமல் நின்று, வகர உடம்படுமெய் பெற்று ‘நடுவர்’ ஆகிறது. பொருள் வெளிப்படை: இரண்டு பக்கத்துக்கும் இடையில் இருப்பவர். குறளில் 12ஆம் அதிகாரத்தின் பெயர் நடுவுநிலைமை. அதில் 118ஆம் குறள், சமமாக நின்று எடையைச் சீர்தூக்கும் கோலைப் போல ஒருபக்கம் சாயாமல் இருப்பதைச் சான்றோரின் அணி என்கிறது. மதுரைக்காஞ்சியில் பார்த்த அதே துலாக்கோல்.

ஒருமை வடிவமான ‘நடுவன்’ என்ற சொல்லுக்கு அகராதியில் இன்னொரு பொருளும் இருக்கிறது: எமன். அவனுக்குத் தருமன் என்றும் பெயர். யாருக்கும் சலுகை காட்டாத ஒரே தீர்ப்பாளன் என்பது கருத்து. மைய அரசைச் சிலர் ‘நடுவண் அரசு’ என்று எழுதுவதில் உள்ள நடுவண் வேறு சொல். அங்கே றன்னகரம் (ன்) போடக்கூடாது.

நடுவர் என்றால் மாஜிஸ்திரேட்டா, பட்டிமன்றத் தலைவரா, கிரிக்கெட் அம்பயரா?

எல்லாமேதான். குழப்பமும் அதனால்தான். அடைமொழி இல்லாமல் ‘நடுவர்’ என்று மட்டும் ஓர் ஆவணத்தில் எழுதினால் நான்கு பேரில் யாரையும் குறிக்கலாம்.

முதலாமவர் நீதித்துறை நடுவர், அதாவது மாஜிஸ்திரேட். குற்ற வழக்குகளை விசாரிப்பவர். தமிழ்நாட்டில் குற்றவியல் நடுவர் என்றும் சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, முதல் வகுப்பு நடுவர் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சமூக சேவையும் விதிக்கலாம். தலைமை நீதித்துறை நடுவருக்கு 7 ஆண்டு வரை அதிகாரம். பெருநகர நடுவர் என்ற தனி வகையை அந்தச் சட்டம் எடுத்துவிட்டது. பழைய தீர்ப்புகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் பிழை என்று நினைத்துத் திருத்தவேண்டாம்.

இரண்டாமவர் நிர்வாகத் துறை நடுவர். இவர் நீதிமன்றத்தில் இருப்பவரே இல்லை. வருவாய்த் துறையில் இருப்பவர். வட்டாட்சியரும் கோட்டாட்சியரும் இந்த அதிகாரத்தோடு ஆணை பிறப்பிக்கிறார்கள். முன்பு 144 தடை உத்தரவு என்றும் இப்போது 163ஆம் பிரிவு என்றும் அறியப்படுவது இந்த வகை. இரு வகை நடுவர்களையும் சட்டத்தில் தெளிவாகப் பிரித்தது 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம். 1974 ஏப்ரல் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. கோட்டாட்சியரின் ஆணையை ‘நீதிபதி உத்தரவு’ என்று மொழிபெயர்ப்பது நாம் அதிகம் காணும் தவறு.

மூன்றாமவர் வணிக ஒப்பந்தத்தின்படி இரு தரப்பும் தேர்ந்துகொள்ளும் நடுவர். 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டம் இவருடையது. எத்தனை நடுவர் என்பதைத் தரப்பினரே முடிவு செய்யலாம், ஆனால் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கக்கூடாது என்கிறது 10ஆம் பிரிவு. இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்தால் தீர்ப்பே வராதல்லவா. இவர் தருவது கட்டுப்படுத்தும் தீர்ப்பு. நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம்.

நான்காமவர் போட்டிக்கும் பட்டிமன்றத்துக்கும் உரியவர். அவருக்குச் சட்டம் தேவையில்லை. இங்கே ஒரு வேடிக்கை: ‘அம்பயர்’ என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சின் ‘நான்பெர்’ என்பதிலிருந்து வந்தது. இணை இல்லாதவர், இருவருக்கு மேல் ஒற்றையாக நிற்கும் மூன்றாமவர் என்பது அதன் பொருள். முன்னால் இருந்த நகர ஒலி காலப்போக்கில் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. ஆக, 1996ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் ஒற்றைப்படை எண் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

மத்தியஸ்தருக்கும் நடுவருக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் ஒரே பொருள்தானே?

சொற்பொருளில் ஒன்றுதான். மத்திய + ஸ்த என்றால் நடுவில் நிற்பவர். வழக்கில் இரண்டும் பிரிந்துவிட்டன. மத்தியஸ்தர் பேச்சுவார்த்தை நடத்துவார். முடிவைத் திணிக்க முடியாது. நடுவர் முடிவு சொல்வார், அது கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் இப்போது மத்தியஸ்தத்தைச் ‘சமரசம்’ என்றும் அது நடக்கும் இடத்தைச் ‘சமரசத் தீர்வு மையம்’ என்றும் அழைக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்த மையம் 2005இல் தொடங்கியது. இலங்கையில் பழைய சொல்லே நிலைத்தது: 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தவை ‘மத்தியஸ்த சபைகள்’.

ஒப்பந்தத்தில் ‘தகராறு ஏற்பட்டால் மத்தியஸ்தர் முடிவே இறுதியானது’ என்று எழுதுபவர்கள் உண்டு. இப்படி எழுதினால், மத்தியஸ்தரா நடுவரா என்பதே பிறகு தனித் தகராறாகும். கட்டுப்படுத்தும் முடிவு வேண்டுமென்றால் ‘நடுவர்’ என்ற சொல்லையும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரையும் வெளிப்படையாக எழுதுங்கள்.

முன்சீப் எந்த மொழிச் சொல்?

அரபு. பாரசீகம் வழியாக வந்தது. மூலச்சொல் ‘முன்ஸிஃப்’. அதன் வேர் ‘நிஸ்ஃப்’, அதாவது பாதி. சரிபாதியாகப் பிரித்துத் தருபவர், ஆகவே நேர்மையானவர். அதே வேரில் பிறந்த ‘இன்சாஃப்’ என்றால் நீதி. நடுவில் நிற்பவர் நடுவர், பாதியாகப் பகுப்பவர் முன்சீப். இரண்டு மொழிகளும் கலந்து பேசாமலே ஒரே தராசின் முள்ளைப் பார்த்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் இந்தப் பெயர் இரண்டு வேறு பதவிகளுக்கு இருந்தது. மாவட்ட முன்சீப் உரிமையியல் வழக்குகளைக் கேட்கும் நீதிபதி. மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) அப்படிப்பட்ட முன்சீப். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கித் தந்தவரும் அவரே. கிராம முன்சீப் என்பவரோ ஊர்த்தலைவர். 1816ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஒழுங்குவிதி ஊர்த்தலைவர்களுக்குச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் தந்ததால் அந்தப் பெயர் அவருக்கு ஒட்டியது. பிற்காலத்தில் வரி வசூல்தான் அவருடைய முக்கிய வேலை. அந்தப் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டது, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். குடும்பப் பத்திரங்களில் ‘முன்சீப்’ கையெழுத்தைப் பார்த்துவிட்டு நீதிமன்ற ஆணை என்று எண்ணிக்கொள்வது இதனால்தான். கையெழுத்துக்குக் கீழே கிராமத்தின் பெயர் இருக்கிறதா, நீதிமன்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது தேர்வு அறிவிப்புகளில் ‘உரிமையியல் நீதிபதி’ என்று வருவது பழைய மாவட்ட முன்சீப்பின் நிலைக்கு உரியது.

ஜட்ஜ், மாஜிஸ்திரேட்: இவற்றின் வேர்?

ஜட்ஜின் மூலம் லத்தீனின் ‘யூதெக்ஸ்’. ‘யூஸ்’ என்றால் சட்டம், ‘தீக்’ என்றால் சொல். சட்டத்தைச் சொல்பவர். மதுரைக்காஞ்சியின் அறங்கூறுவோரை லத்தீனில் பெயர்த்தால் கிட்டத்தட்ட இதுதான் வரும்.

மாஜிஸ்திரேட்டின் மூலம் ‘மகிஸ்தெர்’. ‘மகிஸ்’ என்றால் அதிகமாக. மேலே இருப்பவர், தலைவர். ரோமில் மாஜிஸ்திரேட் என்பது எல்லா அரசு உயர்பதவிக்கும் பொதுப்பெயர், நீதித் துறைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. மாவட்ட ஆட்சியரை ‘மாவட்ட மாஜிஸ்திரேட்’ என்றும் சொல்வதில் அந்தப் பழைய பொருள் இன்னும் மிச்சமிருக்கிறது. (போகிற போக்கில்: ‘மினிஸ்டர்’ என்பதன் வேர் ‘மினுஸ்’, குறைவாக. பணியாளர் என்று பொருள். சொல்லின் கணக்கில் மாஜிஸ்திரேட் மேலே, மினிஸ்டர் கீழே.)

தமிழில் நடந்தது தலைகீழ். ‘ஜட்ஜ்’ சொல்பவர், அவருக்கு நாம் வைத்த பெயர் நீதிபதி, தலைவர். ‘மாஜிஸ்திரேட்’ தலைவர், அவருக்கு வைத்த பெயர் நடுவர்.

வடமொழி தர்மசாஸ்திரங்களில் நீதிபதிக்கு என்ன பெயர்?

‘பிராட்விவாகர்’. கேள்வி கேட்பவர், கேட்டதைப் பகுத்தறிந்து சொல்பவர் என்று இரண்டு பகுதியாக அதை விளக்குவார்கள். இந்தப் பக்கத்தில் உள்ள பெயர்களில் விசாரணையைச் சொல்லும் பெயர் இது ஒன்றே. தமிழ் வழக்கில் அது ஊன்றவில்லை.

பைபிளில் ‘நியாயாதிபதிகள்’ என்று வருகிறதே, அவர்கள் நீதிபதிகளா?

பெரும்பாலும் இல்லை. எபிரேயத்தில் அந்த நூலின் பெயர் ‘ஷோஃபெதிம்’. அந்தச் சொல் தீர்ப்பளித்தலையும் ஆளுதலையும் சேர்த்தே குறிக்கும். நூலில் வருகிறவர்கள் போர்த் தலைவர்கள், மக்களை மீட்டவர்கள். பேரீச்சை மரத்தடியில் இருந்து மக்களின் வழக்கைத் தீர்த்ததாக வருபவர் தெபோராள் ஒருவரே. கார்த்தேஜ் நகரின் ஆட்சித் தலைவர்களுக்கும் இதே வேரிலிருந்து வந்த பெயர்தான் இருந்தது.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பு நியாயம் + அதிபதி என்று வைத்தது. பிற்காலத் திருவிவிலியம் ‘நீதித் தலைவர்கள்’ என்று மாற்றியது. தலைமையை முன்னுக்குக் கொண்டுவந்ததால் பின்னது மூலத்துக்கு இன்னும் நெருக்கம். பழைய மொழிபெயர்ப்பின் பலன் வேறு: நியாயஸ்தலம், நியாயத்தீர்ப்பு போன்ற சொற்களைப் பள்ளிக்கூடம் போகாதவர்களின் வாயிலும் நிலைக்கவைத்தது.

இதோடு ‘நீதிமானை’யும் குழப்பிக்கொள்ளவேண்டாம். நீதிமான் நீதியாக நடப்பவர். தீர்ப்புச் சொல்பவராக இருக்கவேண்டியதில்லை.

காஜி, காழி, காதி?

மூன்றும் ஒன்றே. அரபின் ‘காதீ’ என்ற சொல், தீர்மானித்தல் என்ற வேர். அரபின் அந்த மெய்க்குத் தமிழில் நேர் எழுத்து இல்லாததால் மூன்று எழுத்துமுறை. இந்தியாவில் 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டப்படி அரசு நியமிக்கும் காஜிக்கு நீதிமன்ற அதிகாரம் இல்லை. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி ‘காதி நீதிமன்றம்’ விவாகரத்து, பராமரிப்பு வழக்குகளைக் கேட்கிறது. பெயர் ஒன்று, அதிகாரம் வேறு.

இலங்கைத் தமிழில் எழுதிய ஆவணத்தைத் தமிழ்நாட்டுத் தமிழுக்கு மாற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

முதலில் நீதிமன்றத்தின் பெயரில். பதவிப் பெயரைவிட இதில்தான் பெரிய பிழை நேர்கிறது. இலங்கையில் ‘உயர் நீதிமன்றம்’ என்பது நாட்டின் ஆக உச்ச நீதிமன்றம். தமிழ்நாட்டில் ‘உயர் நீதிமன்றம்’ மாநில அளவிலானது. அதற்கு மேலே டெல்லியில் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. இலங்கையின் ‘மேல் நீதிமன்றம்’ உயர் நீதிமன்றத்துக்குக் கீழானது. இடையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் உண்டு. கொழும்பு உயர் நீதிமன்றத் தீர்ப்பை அப்படியே நகலெடுத்தால், தமிழ்நாட்டு வாசகர் அதற்கு மேல் இன்னும் ஒரு முறையீடு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

அடுத்து பதவிகள். பிரதம நீதியரசர் என்பது இந்தியாவில் தலைமை நீதிபதி. மாவட்ட நீதிபதி என்ற பெயர் இரு இடத்திலும் ஒன்று. நீதவான் என்பவர் இங்கே நீதித்துறை நடுவர். மேலதிக நீதவான் கூடுதல் நடுவர். பதில் நீதவான் அப்போதைக்குப் பொறுப்பில் இருப்பவர். ‘தொழில் நியாயசபை’ தொழிலாளர் தீர்ப்பாயத்துக்கு நிகர்.

‘சமாதான நீதவான்’ என்பவரை மட்டும் நடுவர் என்று மாற்றிவிடாதீர்கள். அவர் வழக்குக் கேட்பவர் இல்லை. சத்தியக்கடதாசியிலும் (பிரமாணப் பத்திரம்) நகல்களிலும் சான்றொப்பம் இடுபவர்.

நீதவான் என்ற வடிவம் பற்றியும் ஒரு சொல். வடமொழி வழக்கில் இகர ஈற்றுச் சொல்லோடு ‘மான்’ சேரும்: புத்திமான், நீதிமான். அகர ஈற்றோடு ‘வான்’ சேரும்: பலவான், குணவான். நீதவான் என்பதை நீதம் + வான் என்று பிரித்தால் இலக்கணம் ஒத்துவருகிறது. நீதம் என்றாலும் நியாயம், தகுதி என்றே பொருள். இலங்கைச் செய்திகளில் ‘நீதிவான்’ என்றும் காணலாம். புரியும், ஆனால் முன்னது செம்மையானது.

நீதியரசர் என்று யாரை அழைக்கலாம்?

உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகியவற்றின் நீதிபதிகளை. ஆங்கிலத்தில் அவர்கள் பெயருக்கு முன்னால் ‘ஜஸ்டிஸ்’ சேர்ப்பதற்கு ஈடாக வந்தது இது. இந்திய அரசியலமைப்பில் அந்தப் பதவியின் பெயர் நீதிபதி மட்டுமே. நீதியரசர் என்பது மரியாதை அடை. அதனால் செய்தித்தாள்கள் எல்லா நிலைக்கும் நீதிபதி என்று எழுதுவது தவறில்லை. மாவட்ட நீதிபதியை நீதியரசர் என்பதுதான் பொருந்தாது. ‘மாண்பமை நீதியரசர் நீதிபதி அவர்கள்’ என்று மூன்று அடுக்கு மாலை போடுவதும் வேண்டாம்.

ஜனநாயகத்தில் நீதிக்கு ஏன் அரசர் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதியும் தலைவர், அரசரும் தலைவர்; மேலே போகப்போகத் தமிழ் தலைமையைக் கூட்டிக்கொண்டே போகிறது. ‘நடுவர்’ என்ற எளிய சொல் கீழ்நிலை நீதிமன்றத்தில் நின்றுவிட்டது. சொல்லின் பொருளைப் பார்த்தால் அதற்கே முதலிடம் தந்திருக்கவேண்டும்.

பெண் நீதிபதியை எப்படி எழுதுவது? ‘பதி’ என்றால் கணவன் என்றும் பொருள் உண்டே?

பதிக்குக் கணவன் என்ற பொருளும் உண்டு. ஆனால் நீதிபதி என்ற முழுச்சொல் தமிழில் பொதுப்பால். 1959இல் கேரள உயர் நீதிமன்றத்தில் அன்னா சாண்டி அமர்ந்தபோதும், 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகப் பாத்திமா பீவி வந்தபோதும் அதே சொல்தான். நீதியரசர், நடுவர் இரண்டிலும் உள்ள ‘அர்’ விகுதி மரியாதைக்கு உரியது, பால் காட்டாது. ‘நீதியரசி’ வேண்டாம்.

மனுவில் எப்படி விளித்து எழுதவேண்டும்? நேரில் என்ன சொல்வது?

மனுவின் தலைப்பில் நீதிமன்றத்தின் முழுப்பெயரும் ஊரும் போதும். தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் தமிழைப் பயன்படுத்த 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் சேர்த்த 4-பி பிரிவு வழிசெய்கிறது. பழைய மனுக்களில் ‘கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்துக்கு’ என்று இருக்கும். இன்றும் தவறாகாது, ‘மாண்பமை நீதிமன்றம்’ என்பது சுருக்கம்.

நேரில் பேசும்போது ‘ஐயா’, ‘அம்மா’ போதும். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2006ஆம் ஆண்டு விதி, கீழமை நீதிமன்றங்களில் ‘சார்’ அல்லது வட்டார மொழியில் அதற்கு ஈடான சொல்லை ஏற்கிறது. ‘மை லார்ட்’ கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது. வழக்கில் தரப்பினராக நிற்பவர் குரலில் மரியாதை இருந்தால் யாரும் குறைகாண்பதில்லை.

ஒரு தாளில் இருக்கும் அதிகாரி நீதிபதியா, நடுவரா, உறுப்பினரா என்று கண்டறிய எளிய வழி?

நான்கு இடங்களைப் பாருங்கள். முத்திரையில் எழுதியிருப்பது நீதிமன்றமா, தீர்ப்பாயமா, அலுவலகமா? வழக்கு எண்ணுக்கு முன்னால் இருக்கும் சுருக்கெழுத்து எந்த வகை வழக்கைக் காட்டுகிறது? ஆணை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் பிறந்தது? கையெழுத்துக்குக் கீழே உள்ள பதவிப் பெயர் என்ன? கடைசியை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் ஒரே ஆள் இரண்டு பதவி வகிப்பது உண்டு: மாவட்ட நீதிபதியே குற்ற வழக்கில் அமர்வு நீதிபதி. எந்தப் பதவியில் இருந்து இந்த ஆணையைப் போட்டார் என்பதை மூன்றாவது இடம் சொல்லிவிடும்.

தீர்ப்பாயங்களில் இருப்பவர்கள் ‘உறுப்பினர்கள்’. பசுமைத் தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினரோடு நிபுணர் உறுப்பினரும் அமர்வார். பின்னவரை நீதிபதி என்று எழுதக்கூடாது.

சட்டத்தின் கண்ணில் நீதிபதி என்ற சொல் பதவிப் பெயரைவிட அகலமானது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 2(16) பிரிவு, இறுதியான தீர்ப்பு வழங்கச் சட்டம் அதிகாரம் தந்த எவரையும் நீதிபதி என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. தண்டனை விதிக்கும் அதிகாரத்தோடு ஒரு குற்றச்சாட்டை விசாரிக்கும் மாஜிஸ்திரேட்டும் அதன்படி நீதிபதியே. செய்தித்தாள் அவரை நீதிபதி என்பதற்கு இது ஓரளவு துணை நிற்கும்.

எழுத்துப்பிழைகள்?

நீதிபதி வடமொழித் தொகை. ஒற்று மிகாது, ‘நீதிப்பதி’ தவறு. நீதித்துறை, நீதித்தலைவர் ஆகியவற்றில் மிகும். நீதி + அரசர் யகர உடம்படுமெய் பெற்று நீதியரசர். தீர்ப்பு + ஆயம் குற்றியலுகரம் கெட்டுத் தீர்ப்பாயம். ‘தீர்ப்பு’ என்ற சொல்லே தீர் என்ற வினையிலிருந்து வந்தது: முடித்துவைத்தல். ‘தீர்ப்பு முடிந்தது’ என்று எழுதுவது அதனால் கூறியது கூறல். தீர்ப்பு வந்தது, தீர்ப்பானது என்று எழுதலாம்.

ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் அமைத்தால் அவர் சொல்வது தீர்ப்பா?

இல்லை. 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டப்படி அமையும் ஆணையம் அரசுக்கு அறிக்கைதான் தரும். அதில் இருப்பவை கண்டறிதல்களும் பரிந்துரைகளும். யாரையும் தண்டிக்கவோ விடுவிக்கவோ அதனால் முடியாது. தலைவர் முன்னாள் நீதிபதி என்பதால் செய்திகளில் ‘நீதிபதி தீர்ப்பு’ என்று தலைப்பு வந்துவிடுகிறது. ‘ஆணையத்தின் அறிக்கை’ என்று எழுதவேண்டும்.